எண்ணெய் ஊரின் பேஸ்பால் அணி

பேஸ்பாலில் தலையும் புரியாது வாலும் புரியாது என்பவர்களிடம்கூட இந்த ஸ்கோரைச் சொல்லலாம்: 51-3. ஒரு அணி ஐந்தாறு ரன் எடுத்தாலே இன்று நன்றாக ஆடினார்கள் என்று சொல்லும் விளையாட்டு அது. 1902 ஜூன் 15 அன்று, டெக்சாஸ் மாநிலத்தில் கார்சிகானா என்ற சின்ன ஊரின் அணி டெக்சர்கானா அணியை இந்தக் கணக்கில் அடித்து அனுப்பியது. கார்சிகானாவின் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவன், பத்தொன்பது வயதுப் பையன், ஜே கிளார்க் என்று பெயர். எட்டு முறை பேட்டைப் பிடித்தான், எட்டு முறையும் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி. தொழில்முறை பேஸ்பாலில் ஒரே ஆட்டத்தில் அத்தனை அடித்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. உச்சமட்டமான மேஜர் லீகில் நாலுதான் அதிகபட்சம்.

பேஸ்பால் விநோதங்களைத் தொகுக்கும் எந்தப் பட்டியலிலும் இந்த ஆட்டம் இருக்கும். இரண்டு வரி எழுதி, ஒரு ஆச்சரியக்குறி போட்டு, அடுத்த விநோதத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல அணியை மொத்தமாக விழுங்கிவிட்டது. கார்சிகானா அந்த வருடம் செய்த பெரிய காரியம் இதுவல்ல என்பது என் கட்சி.

டாலஸ் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் இந்த ஊரைத் தாண்டாமல் இருந்திருக்க முடியாது. ஹூஸ்டனுக்கும், அதை ஒட்டிய பேர்லாந்து மீனாட்சி கோவிலுக்கும் போகிற ஐ-45 சாலையில் முதலில் என்னிஸ் வரும், அப்புறம் கார்சிகானா. பெரும்பாலானவர்களுக்குக் கார்சிகானா என்றால் ஃப்ரூட் கேக். காலின் ஸ்ட்ரீட் பேக்கரிக் கடையில் வண்டியை நிறுத்தி, சிவப்புத் தகர டப்பாவில் ஒன்று வாங்குவோம். மேலே பெக்கன் பருப்பு நெருக்கமாகப் பதித்திருக்கும், நடுநடுவே செர்ரியும் அன்னாசியும். கத்தி உள்ளே இறங்கச் சிரமப்படும், அவ்வளவு பருப்பு. 1896-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் தொடங்கியது. உலகம் முழுக்கத் தபாலில் போகிறது. நானும் கேக்குக்காகத்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். பேஸ்பால் கதை பின்னால்தான் தெரிந்தது, அதுவும் மகனால். டெக்சாஸ் லீகில் ஆடும் ஃப்ரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் அணியின் ஆட்டத்துக்குப் போய்விட்டு வரும் வழியில், “அப்பா, இந்த டெக்சாஸ் லீக் எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடக்கம் 1888. நடுவில் சில வருடங்கள் படுத்துவிட்டு, 1902-ல் மறுபடி எழுந்திருக்கிறது. அந்த 1902 என்ற வருடத்தைத் தட்டியதும் முதலில் வந்து நின்றது கார்சிகானா.

சரி, ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

நவாரோ கவுண்டியின் தலைநகரம் அது. 1900 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒன்பதாயிரத்துச் சொச்சம். சுற்றிலும் கரிசல் மண், பருத்தி. 1894-ல் ஊருக்குக் குடிதண்ணீர் போதவில்லை என்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டினார்கள். ஆயிரம் அடி தாண்டியதும் தண்ணீருக்கு முன்னால் எண்ணெய் வந்தது. தோண்டியவர்களுக்கு அது தொல்லை. குழாயை மூடிக்கொண்டு தண்ணீருக்காக இன்னும் கீழே போனார்கள். ஊர்க்காரர்கள் சிலர்தான் அதில் காசு இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள். சில வருடங்களில் வீட்டுக் கொல்லைகளில்கூட எண்ணெய்க் கிணறுகள் முளைத்தன. 1897-ல் பென்சில்வேனியாவிலிருந்து ஜோசப் கல்லினன் வந்து இறங்கினார். அடுத்த வருட முடிவில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. எண்ணெயை எரிக்கலாம் என்பதோடு, புழுதி அடங்கத் தெருவில் தெளிக்கலாம் என்றும் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். 1900-ல் அந்த வயல் எடுத்த எண்ணெய் எட்டு லட்சம் பீப்பாய்க்கு மேல். டெக்சாஸின் முதல் எண்ணெய் ஊர் என்று அவர்கள் மார்தட்டிக்கொண்டதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தப் பெருமைக்கு ஆயுசு குறைவு. 1901 ஜனவரி 10 அன்று, தெற்கே பியூமான்ட் பக்கம் ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் ஊற்றாகப் பீறிட்டது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய் என்று மதிப்பிட்டார்கள். கார்சிகானா வருடம் முழுக்க எடுத்ததை அந்த ஒரு கிணறு ஒன்பது நாளில் கக்கிவிடும் கணக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், அதைத் தோண்டிக்கொடுத்த ஹாமில் சகோதரர்கள் கார்சிகானாக்காரர்கள். இங்கே பழகிய சுழல் துளையிடும் எந்திரத்தை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கல்லினனும் பியூமான்ட் பக்கம் கிளம்பிவிட்டார். அவர் 1902-ல் நிறுவிய டெக்சாஸ் கம்பெனிதான் பிற்பாடு டெக்சகோ.

ஆக, 1902 வசந்தத்தில் அந்த ஊர் ஒரு பேஸ்பால் அணியைக் கூட்டி அதற்கு ஆயில் சிட்டிஸ் என்று பெயர் வைத்தபோது, எண்ணெயின் தலைநகரம் கையைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கையில் காசு இருந்தது, முதல் இடம் மட்டும் இல்லை. அந்த மனநிலையில் இருக்கும் ஊர் எதிலாவது ஜெயித்துக் காட்ட நினைப்பது இயல்பு. இது என் ஊகம்தான். ஆனால் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த வருடம் மொத்த பேஸ்பாலுக்குமே ஒரு திருப்பம். 1901 செப்டம்பரில் சிகாகோவில் சின்ன லீக்கின் தலைவர்கள் கூடி ஒரு தேசிய சங்கம் அமைத்தார்கள். பெரிய லீக் இரண்டும் அப்போது ஒன்றின் ஆட்டக்காரர்களை ஒன்று இழுத்துக்கொண்டு சண்டையில் இருந்தன. நடுவில் மாட்டி நசுங்காமலிருக்க இவர்களுக்கு ஒரு கூரை தேவைப்பட்டது. லீக்குகளை ஏ, பி, சி, டி என்று வகுத்தார்கள். மைனர் லீக் என்று இன்று நாம் சொல்லும் அமைப்புக்கு அதுதான் அடித்தளம். அந்த ஏற்பாட்டில் முதல் பருவம் 1902. டெக்சாஸ் லீக் இருந்தது கடைசிப் படியான டி வகுப்பில்.

ஆறு அணிகள். டாலஸ், ஃபோர்ட் வொர்த், வேகோ ஆகிய பெரிய ஊர்கள். கார்சிகானா, பாரிஸ் ஆகிய சின்ன ஊர்கள். ஆறாவது, ஷெர்மனும் டெனிசனும் சேர்ந்து நடத்திய அணி. அது பருவம் தொடங்கிய சில நாளிலேயே தாக்குப்பிடிக்க முடியாமல் மாநில எல்லையிலிருக்கும் டெக்சர்கானாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அதற்குக் கேஸ்கெட்மேக்கர்ஸ் என்று பெயர், அதாவது சவப்பெட்டி செய்பவர்கள். பின்னால் நடந்ததை நினைத்தால் யாரோ வேண்டுமென்றே வைத்த மாதிரி இருக்கும்.

இந்த லீக்குகளை நடத்தியது ரயில். கார் இல்லை, சாலை இல்லை. எந்த ஊருக்கு ரயில் போகிறதோ அந்த ஊருக்கு அணி. வாசலில் வசூலாகும் டிக்கெட் காசுதான் ரயில் கட்டணம், சத்திரச் செலவு, சம்பளம் எல்லாம். ரெண்டு வாரம் மழை பெய்தால் ஒரு அணி கலைந்துவிடும். இதற்கு மேல் ஒரு வருமானம் உண்டென்றால், நல்ல பையனாகப் பார்த்துப் பிடித்து, ஆடவைத்து, மேல்வகுப்பு அணிக்கு விற்பது. கார்சிகானாவின் அதிர்ஷ்டம், இந்த வியாபாரம் தெரிந்த ஒருவர் அவர்களிடம் இருந்தார். ஜே. டோக் ராபர்ட்ஸ். எந்தப் பையன் தேறுவான் என்பதில் அவருக்கு ஒரு கண் இருந்தது. களத்தில் மேனேஜராகவும், முதல் பேஸைக் காக்கும் ஆட்டக்காரராகவும் இருந்தவர் மைக் ஓகானர். கிளார்க் கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட்பர்க் என்ற ஊர்க்காரன். அங்கிருந்து டெக்சாஸ் பருத்திக்காட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

இந்த அணி அந்தப் பருவத்தில் தொடர்ந்து 27 ஆட்டங்கள் ஜெயித்தது.

இதைத்தான் நான் பெரிய காரியம் என்று சொன்னது. பேஸ்பாலில் நல்ல அணிகூடப் பத்துக்கு நாலு தோற்கும். எவ்வளவு வலுவான அணியானாலும் ஒரு நாள் பந்தெறியும் பிட்சரின் கை வராது, இன்னொரு நாள் பந்து கல்லில் பட்டுத் திரும்பும். வாரக்கணக்கில், ஊர் ஊராக ரயிலில் போய், ஒரு ஆட்டம்கூட விடாமல் ஜெயிப்பதற்கு அதிர்ஷ்டம் மட்டும் போதாது. மைனர் லீகில் அந்த 27-ஐ 1921-ல் பால்டிமோர் அணி எட்டிப்பிடித்தது, தாண்டவில்லை. பெரிய நகரம், பெரிய பணம், பிற்காலத்து மேதைகள் நிறைந்த அணி அது. 1987-ல் சால்ட் லேக் டிராப்பர்ஸ் 29 ஜெயித்தபோதுதான் சாதனை கைமாறியது. ஒன்பதாயிரம் பேர் ஊர் ஒன்றின் அணி எண்பத்தைந்து வருடம் உச்சியில் இருந்திருக்கிறது. இதை எத்தனை பேர் எழுதுகிறார்கள்? எல்லாருக்கும் 51 போதும்.

அந்த 51-க்கே வருகிறேன். எனக்கும் அது பிடிக்காமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்பது அன்று ஒரு சிக்கல். ஆறு நாள் வேலை செய்பவனுக்கு ஓய்வு அன்றுதான், எனவே வசூலும் அன்றுதான். ஆனால் கார்சிகானாவில் ஓய்வுநாள் சட்டம் கடுமை, ஞாயிறு பேஸ்பால் கூடாது. அதனால் இருபது மைல் வடக்கே, ரயில்வேக்காரர்கள் நிறைந்த என்னிஸுக்கு ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றும் என்னிஸ் ஊரின் நடு வயிற்றில் தண்டவாளம் ஓடுகிறது. இந்தப் பக்கம் ஒரு வரிசை செங்கல் கட்டடக் கடைகள், அந்தப் பக்கம் ஒரு வரிசை. சரக்கு ரயில் வந்தால் கேட் விழும். பெட்டி பெட்டியாக அது முடியவே முடியாது. காபி குடிக்க எதிர்ப்பக்கம் போகவேண்டியவர்கள் இந்தப் பக்கமே நின்று அரட்டையைத் தொடர்வார்கள். நானும் அங்கே அப்படி நின்றிருக்கிறேன். பக்கத்தில் நின்றவரிடம் 51-3 கதையைச் சொன்னேன். “அது கார்சிகானாக்காரன் பெருமை, நாங்கள் மைதானம் கொடுத்ததோடு சரி” என்றார். சிரிக்கவும் இல்லை.

அந்த மைதானம்தான் விஷயமே. வலது பக்க வேலி ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. சுமார் 210 அடி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றைய மைதானங்களில் அந்த மூலை 325 அடி, 330 அடி இருக்கும். கிளார்க் இடதுகை ஆட்டக்காரன். இழுத்து அடித்தால் பந்து நேரே அந்த வேலிக்குத்தான் போகும். அவன் எட்டு முறையும் அதையே செய்தான்.

டெக்சர்கானாவின் பிட்சர் டிவிட். ஒன்பது இன்னிங்ஸும் அவரே பந்தெறிந்தார் என்கிறார்கள். ஐம்பதுக்கு மேல் ஹிட் வாங்கியும் அவரை மாற்றவில்லை. அணியில் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பங்கு இருந்தது, அதனால் மேனேஜர் கடுப்பில் விட்டுவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையோ இல்லையோ, மாற்று பிட்சர் என்று ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும் வசதி டி வகுப்பு அணிகளுக்குக் கிடையாது. நாளைக்கு எறியவேண்டியவனை இன்று தோற்றுப்போன ஆட்டத்தில் யார் செலவழிப்பார்கள்? கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே ஒரு கேள்வி வரும்: கார்சிகானா டிக்ளேர் பண்ணியிருக்கலாமே? பேஸ்பாலில் அது இல்லை. மூன்று பேர் அவுட் ஆகும்வரை அடித்துத்தான் ஆகவேண்டும். எதிரி உங்களை அவுட் ஆக்க முடியாவிட்டால் அது அவன் பாடு. வேண்டுமென்றே அவுட் ஆகி வந்தால் டிக்கெட் வாங்கினவன் சும்மா விடமாட்டான்.

அந்த எட்டு ஹோம் ரன்னின் கனம் தெரிய வேண்டுமானால் அதே 1902-ல் மேலே என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். நேஷனல் லீகில் அந்த வருடம் அதிக ஹோம் ரன் அடித்தவர் பிட்ஸ்பர்க்கின் டாமி லீச். எத்தனை தெரியுமா? ஆறு. ஒரு முழுப் பருவத்துக்கு ஆறு. பந்து அப்போது துள்ளாது. ஒரே பந்தை எச்சிலும் மண்ணும் புகையிலைச் சாறும் பூசி, பழுப்பாகி மெத்தென்று ஆகும்வரை ஆட்டம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். ஒரு பிற்பகலில் எட்டு என்று செய்தி தந்தியில் போனபோது, தந்தி அடித்தவன் கை தவறிவிட்டது என்று நினைத்து 8-ஐ 3 ஆக்கி அச்சிட்ட பத்திரிகைகள் உண்டு என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். நான் அந்த உதவி ஆசிரியராக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். 1892-லேயே பேஸ்பால் விதிகளில் ஒரு திருத்தம் வந்துவிட்டது. வேலி 235 அடிக்குக் கிட்டத்தில் இருந்தால், அதைத் தாண்டிப் போகும் பந்துக்கு இரண்டு பேஸ்தான், ஹோம் ரன் கிடையாது. 210 அடி என்பது சரியென்றால், கிளார்க் அடித்தவை விதிப்படி டபுள். அப்படியானால் அன்றைய நடுவர் விதியைக் கண்டுகொள்ளவில்லை, அல்லது வாயில் வளர்ந்த கதையில் வேலி வருடா வருடம் கொஞ்சம் கிட்டே நகர்ந்து வந்திருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. டேப் வைத்து அளந்தவர் யாரும் இல்லை. சாதனையைக் கேலி செய்ய வேலியைக் கிட்டே கொண்டுவருவது எளிது. எப்படியானாலும் ரெண்டு அணியும் அதே வேலியோடுதான் ஆடின. டெக்சர்கானா எடுத்தது மூன்று.

அந்தத் தோல்விக்குப் பிறகு டெக்சர்கானா அணி பருவத்தின் கடைசிவரை நிற்கவில்லை. கோடையிலேயே கலைந்துபோனது. கோப்பை கார்சிகானாவுக்கு.

கிளார்க் 1905-ல் மேஜர் லீகுக்குப் போனார். பெரும்பாலும் கிளீவ்லண்ட் அணி. 1908 அக்டோபர் 2 அன்று ஆடி ஜாஸ் என்ற பிட்சர், எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல் 1-0 என்று ஜெயித்த ஆட்டம் பேஸ்பால் வரலாற்றில் புகழ்பெற்றது. அன்று அவருடைய கேட்சர் இந்தக் கிளார்க்தான். 1920 வரை விட்டு விட்டு ஆடினார். மேஜர் லீகில் மொத்தமாக அவர் அடித்த ஹோம் ரன் ஆறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு, வாழ்நாள் முழுக்க ஆறு.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் அவர் பெயர் ஜே கிளார்க் என்று இருக்காது. கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் வார்த்தையைச் சுருக்கிப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். நிறம் கொஞ்சம் மட்டு என்பது காரணம். புள்ளிவிவரப் புத்தகங்களிலும் அப்படியே தங்கிவிட்டது. நான் எழுதப்போவதில்லை. உண்மையான கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் அந்த லீகில் காலெடுத்து வைத்திருக்க முடியாது. 1880-களிலேயே கதவு சாத்தியாகிவிட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த அணி கூடுவதற்கு ஒரு வருடம் முன்பு, 1901 மார்ச்சில், கார்சிகானா நீதிமன்றச் சதுக்கத்தில் ஒரு கறுப்பின மனிதரை ஆயிரக்கணக்கானவர்கள் கூடி உயிரோடு எரித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடம் டிக்கெட் வாங்கிக் கைதட்டினார்களோ. பழைய சின்ன ஊர், பழைய பேஸ்பால், எவ்வளவு இனிமையான காலம் என்று எழுதும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் கிழிந்திருக்கும்.

அணி அதற்குப் பிறகு நெடுநாள் நிற்கவில்லை. 1905 வரை டெக்சாஸ் லீகில் இருந்தது. டாலஸும் ஃபோர்ட் வொர்த்தும் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. ஒன்பதாயிரம் பேர் ஊரில் எத்தனை டிக்கெட்தான் விற்க முடியும். டோக் ராபர்ட்ஸ் அடுத்த வருடம் மேற்கே கிளீபர்ன் என்ற ரயில்வே ஊருக்குப் போனார். போகிற போக்கில், கார்சிகானாவுக்குத் தென்மேற்கே ஹப்பர்ட் என்ற குக்கிராமத்திலிருந்து ஒரு பதினெட்டு வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டு போனார். பிட்சராகத்தான் எடுத்தார். பந்தெறிவதில் சுமார் என்று தெரிந்ததும் வெளிக்களத்துக்கு அனுப்பினார்கள். அவன் பெயர் டிரிஸ் ஸ்பீக்கர். 792 டபுள் அடித்து, இன்றுவரை யாரும் முறியடிக்காத கணக்கை வைத்துவிட்டு, 1937-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர். 1906-ல் கிளீபர்ன் கோப்பை ஜெயித்தது, மறு வருடமே அந்த அணியும் லீகில் இல்லை. ராபர்ட்ஸ் பிற்காலத்தில் டெக்சாஸ் லீகின் தலைவராகவே பல வருடம் இருந்தார்.

கார்சிகானாவில் 1920-களில் ஆயிலர்ஸ் என்ற பெயரில் கீழ்வகுப்பு லீக்குகளில் மறுபடி கொஞ்ச காலம் ஆடிப் பார்த்தார்கள். 1928-க்குப் பிறகு அதுவும் இல்லை. இப்போது அங்கே நவாரோ கல்லூரியின் அணி ஆடுகிறது. நன்றாகவே ஆடுகிறார்கள்.

கிளீபர்ன்காரர்கள் கெட்டிக்காரர்கள். 2017-ல் ஒரு தனியார் லீகில் அணி தொடங்கியபோது 1906-ன் பழைய ரெயில்ரோடர்ஸ் பெயரையே தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். தொப்பி, சட்டை எல்லாம் விற்கிறது. கார்சிகானாவில் யாராவது ஆயில் சிட்டிஸ் என்று சட்டை அச்சடித்தால் ஐ-45-ல் போகிற வழியில் முதல் ஆளாக நான் வாங்கிக்கொள்கிறேன். முதுகில் எண் போடுவதாக இருந்தால் 51 வேண்டாம், 27 போடுங்கள்.